கப்பலில் வந்தவர்கள், படகில் வந்தவர்கள்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருநாள் கீழே நின்றுகொண்டு, சாரத்தின் மேல் இருந்த எங்கள் இரண்டு பேரையும் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"ஏம்பா, நீங்க ரெண்டு பேருமே சிலோன்காரங்கதானாமே? அப்பால இன்னாத்துக்கு ஒருத்தன் மேஸ்திரி, ஒருத்தன் கூலி?"

நான் சாரத்து மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். "நான் மதுராந்தகம் அண்ணாத்த," என்றேன்.

பக்கத்தில் பிரஷ்ஷோடு இருந்தவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நான் சிலோன். அவர் இல்லை," என்றார்.

நான் தோட்டத்தில் பிறந்தவன் என்பது அவருக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். டீக்கடையில் நன்றி சொல்லப் போனால், "உங்களுக்காக ஆர் சொன்னது? தேயிலைத் தோட்டத்து ஆக்களை நாங்கள் சிலோன் எண்டு கணக்கிலை எடுக்கிறேல்லை, தம்பி," என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அது முழுக்க விளையாட்டு இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணை' என்று கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அப்படித்தான். மன்னாருக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து, தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியபோது, அம்மாவையும் பெரியம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு படகில் வந்தவர். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் அவர்களை வைத்திருந்தார்கள். நாங்கள் அவர்களுக்குப் பத்து வருஷம் முன்னால் வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். இரண்டு அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டு அனுப்பி வைத்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். இறங்கும்போதே நாங்கள் இந்தியர்கள். அதற்கு அத்தாட்சியாக ஒரு கார்டு இருந்தது. அவர்கள் இறங்கும்போது அகதிகள். அதற்கும் ஒரு கார்டு இருந்தது.

இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் என்பது தெரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அப்பாவுக்கு மதுராந்தகத்தில் பெட்டிக்கடை வைத்துக்கொள்ள அரசாங்கம் உதவி செய்தது. தேயிலைச் செடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவரைக் கல்லாவில் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? கடைக்கு வந்தவர்கள் சாமான் வாங்குவதற்கு முன்னால், "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டார்கள். அப்பா வெள்ளந்தியாக, "தோட்டத்து ஆளுங்க," என்றார். இந்த ஊரில் அது ஒரு பதிலே இல்லை. பதில் தெரியாத வீட்டில் யார் வெற்றிலை பாக்கு வாங்குவார்கள்? ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கடை போய்விட்டது. அப்பா அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு கல்குவாரியில் சேர்ந்தார். ஏழாவதோடு நானும் அங்கே போனேன். என்னை ஏன் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை என்று கேட்க அந்த ஊரில் எங்களுக்கு ஒரு மனிதர் இல்லை. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த குடும்பங்களில் ஒன்று நீலகிரிக்குப் போனது, ஒன்று நூல் மில்லுக்குப் போனது, மற்றதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒப்பந்தம் எங்களை அழைத்துக்கொண்டு வந்து, கையில் கார்டைக் கொடுத்து, கையை விட்டுவிட்டது.

அம்மாவுக்கு இயல்பிலேயே பயம் அதிகம். எனக்கு இருக்கிற பயமெல்லாம் அவளிடமிருந்து வந்ததுதான். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு, சிலோன் என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் ஒரு மாதிரி பார்த்த காலத்தில், அவள் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். யார் கேட்டாலும் நாம் இந்த ஊர்தான். அக்கம்பக்கத்துக்கு வாசனை போய்விடும் என்று தேங்காய் ரொட்டி சுடுவதை நிறுத்தினாள். மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கட்டைச் சம்பல் இடிக்கிற சத்தம்கூட எங்கள் வீட்டிலிருந்து கேட்காமல் போனது. அப்பா இறந்தபோது ஒப்பாரியில்கூட அவள் ஒரு தோட்டத்துப் பெயரைச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

குவாரியிலிருந்து நான் பெயின்ட் வேலைக்கு வந்தேன். ஏழாவது படித்தவன் மேஸ்திரியானது எப்படி என்று கேட்டால், சூப்பர்வைசரின் கேள்விக்கு வந்துவிடுவோம். என்னிடம் ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது, விலாசம் இருந்தது. அணுமின் நிலையத்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கேட்டில் பாஸ் வேண்டும். எனக்குக் கொடுப்பார்கள், அண்ணைக்குக் கிடையாது. உள்ளே போனால், எங்கெங்கிருந்தோ உத்தியோகத்துக்கு வந்த குடும்பங்களின் அம்மாக்கள் காப்பி கொடுத்து, "எந்த ஊருப்பா?" என்பார்கள். "மதுராந்தகம்," என்பேன். ஏரியைப் பற்றிக் கேட்பார்கள். ஏரியைப் பற்றி எல்லாம் சொல்வேன்.

அண்ணை சிலோனில் உயர்தரம், அதாவது நம் பிளஸ் டூ, வரைக்கும் படித்தவர். முகாம் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் பெயின்ட் வேலைக்குத்தான் வந்தார்கள். அன்றன்றைக்குக் கூலி, கார்டு கேட்காத வேலை, சாயங்காலம் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம். மாதத்தில் ஒருநாள் முகாமில் செக்கிங் இருக்கும். அதிகாரிகள் வந்து மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் எல்லாரும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் இல்லாவிட்டாலும் பதிவு போய்விடும் என்ற பயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்து நிற்கும். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் சைட்டில் பாதி ஆள் இருக்காது.

"இன்னா மேஸ்திரி, உன் பட்டாளம் வர்லியா?" என்பார் சூப்பர்வைசர்.

"செக்கிங் அண்ணாத்த."

"மாசா மாசம் எண்ணி இன்னா பண்றானுங்கோ? குட்டி போட்டுக் கூடுதா கொறையுதான்னு பாக்குறானுங்களா? பேஜாரா கீதுபா."

அண்ணைக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஏதாவது இருந்தால் நான் முகாமுக்குப் போவேன். வாசலில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே போகிறவர்களிடம் யார், எந்த ஊர் என்று கேட்பார். கேட்டுவிட்டு விட்டுவிடுவார், அவ்வளவுதான். ஆனாலும் பதிலை முன்னாலேயே தயாராக வைத்திருப்பேன். உள்ளே ஒரு பெரிய கூடத்தைப் புடவையாலும் தார் அட்டையாலும் தடுத்து, பெட்டி பெட்டியாகக் குடும்பங்கள். இருமினால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அந்த இடத்தில் சாயங்காலமானால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. நடுவில் இருந்த ஒரே டியூப் லைட்டுக்குக் கீழே பாய் விரித்து அத்தனை பிள்ளைகளும் படிப்பார்கள். சிலோனில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்பார். படிக்காத பிள்ளையை எந்தத் தாய் வேண்டுமானாலும் அடிக்கலாம். தன் பிள்ளை, ஊரான் பிள்ளை என்கிற பேதம் இல்லை.

அந்தப் பாயில் வளர்ந்தவள்தான் அண்ணையின் தங்கை. வந்தபோது ஐந்தாம் வகுப்பு. நான் முதன்முதலில் பார்த்தபோது பிளஸ் டூ. பிறகு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்தாள். கூடத்தில் நான் செருப்போடு ஏறிவிட்டபோது, "மேஸ்திரி, பிள்ளையள் படிக்கிற இடம். செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ," என்று எல்லார் முன்னாலும் சொன்னவள். அதற்குப் பிறகு முகாமுக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே எனக்குச் செருப்பின் நினைப்பு வந்துவிடும்.

டிப்ளமோ முடிந்து, கடற்கரைச் சாலையில் ரிசார்ட்டுகள் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆபீஸுக்கு வேலை கேட்டுப் போனாள். ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். பிடித்துவிட்டது. மறுநாள் ரேஷன் கார்டும் பிறப்பிடச் சான்றிதழும் கேட்டார்கள். அவள் முகாம் கார்டைக் காட்டினாள். பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அந்தக் கட்டடத்துக்கு அடுத்த மாதம் பெயின்ட் அடித்தது நான்தான். ஏழாவது படித்தவன் மாடியில் நின்று ஆளை வேலை வாங்கினேன். டிப்ளமோ படித்தவள் மாமல்லபுரத்தில் ஒரு துணிக்கடையில் வெள்ளைக்காரர்கள் கலைத்துப் போட்ட பாவாடைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். பஸ் வரவில்லை. அவளாகவே பேசினாள்.

"மேஸ்திரி, நீங்கள் என்னத்துக்கு ஏழாம் வகுப்போடை நிப்பாட்டினீங்கள்?"

"யாரும் கேக்கல. நின்னுட்டேன்."

"அதுதான் நானும் நினைச்சனான். உங்களை ஒருத்தரும் எண்ணேல்லை. எங்களை மாசா மாசம் எண்ணுறாங்கள். எண்ணி எண்ணி, 'உன்ரை பெட்டை எத்தினையாம் வகுப்பு?' எண்டு அந்த அதிகாரியே கேக்கிற அளவுக்கு வந்திட்டுது. பதில் சொல்லோணுமே எண்டு அம்மா படிக்க வைச்சவ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஸ் வந்துவிட்டது. அவள் முன்பக்கமும் நான் பின்பக்கமும் ஏறினோம்.

இது சூப்பர்வைசரின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அடுத்த நாள் அண்ணையும் நானும் சுவர் தேய்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, "இன்னாபா, ரெண்டு பேரும் ஏன் முழிச்சினு கீறீங்கோ? மேஸ்திரி, இவன் தங்கச்சியைக் கட்டிக்க. உன்னான்ட கார்டு கீது, அதான்ட படிப்பு கீது. ரெண்டையும் ஒரே வூட்ல வெச்சா ஒரு முழு ஆளு," என்றார்.

அண்ணை உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்குத் தூக்கமே இல்லை. முகாம் ஆட்களெல்லாம் வேலையை விட்டுப் போய்விடுவார்களா, அவள் என்ன நினைப்பாள், அம்மா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக யோசித்தேன். மூன்றாம் நாள் அவரே வந்தார்.

"அந்தாள் சிரிக்கிறதுக்குச் சொன்ன பகிடி அது. ஆனால் நாங்கள் வீட்டிலை கதைச்சனாங்கள்."

நான் உப்புத்தாளை எடுத்துச் சுவரைத் தேய்த்தேன்.

"தங்கச்சிக்கு மறுப்பில்லை. ஏழாம் வகுப்பு எண்டாலும் சொல்லுறதை விளங்கிற ஆள் எண்டு சொன்னவள். என்ரை பெரியம்மாதான் ஒத்துக்கொள்ளுறாவில்லை. தோட்டக்காட்டு ஆக்கள் எண்டு இழுக்கிறா. இஞ்சையும் வந்து, கஞ்சிக்கும் வழியில்லாமல் இருந்தும் எங்கடை ஆக்களுக்கு அந்தப் பெருமை போகேல்லை. அதை விடுங்கோ. முகாமிலை ஒரு பிள்ளை போன வருசம் இந்த ஊர்ப் பெடியன் ஒருத்தனைக் கட்டி, அவன் விட்டிட்டுப் போட்டான். கேக்கப் போனால், 'அகதிதானே, ஆரிட்டைப் போய்ச் சொல்லுவாய்?' எண்டு கேட்டானாம். அதுக்குப் பிறகு வெளியிலை குடுக்கிறேல்லை எண்டு ஒரு முடிவு. நீங்கள் அங்கத்தை ஆள் எண்டபடியால்தான் வாத்தியார் ஓம் எண்டவர். தோட்டமோ கடலோ, ஒரு மண்ணிலை பிறந்ததுக்கு ஒரு ஒட்டு இருக்கும் எண்டு."

அதாவது, பத்து வருஷமாக நாங்கள் மறைத்த அந்த ஒரு விஷயம்தான் எனக்குத் தகுதி.

அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "முகாம்லயா?" என்று எழுந்து கதவைச் சாத்தினாள். "போலீசு வீட்டுக்கு வரும்டா." கொஞ்ச நேரம் கழித்து, "படிச்ச புள்ள, உன்னைய எதுக்குடா கட்டுது?" என்றாள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடல்கரை ஆளுங்க நம்மள ஒரு காலத்துல வாசல்ல நிக்க வெச்சிதான் தண்ணி குடுத்தாங்க. இப்ப பொண்ணு குடுக்குறாங்களா?" என்றாள். அதில் பயம் இருந்தது, ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அலமாரியில் புது எவர்சில்வர் டம்ளர்கள். "வரச் சொல்லு," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அண்ணை, அவருடைய பெரியம்மா, அந்த ஓய்வு பெற்ற வாத்தியார். அண்ணையின் அம்மா மகளோடு முகாமிலேயே இருந்துவிட்டார். வாத்தியார் துவைத்து மடித்த வேட்டி கட்டியிருந்தார். பெரியம்மா வரும்போதே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் வீடு அப்போது ஓடு போட்டது, சொந்தப் பட்டா. முகாமில் தார் அட்டைத் தடுப்புக்குள் பத்துப் பதினோரு வருஷம் இருந்த பெண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவர் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

புது ஆட்கள் வருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் நல்ல மனுஷி. ஒரு காலத்தில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலமில்லை, நடவுக்குப் போன குடும்பம். சர்ச்சும் சங்கமும் பின்னால் இருந்து, ஒரு மகன் வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டான். எனக்குப் பெண் பார்க்கிறார்கள் என்று மோப்பம் பிடித்து ஆசையாகத்தான் வந்தார். அவரைப் போ என்று யார் சொல்வது?

பெரியம்மா அம்மாவைப் பார்த்துக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அப்ப, நீங்கள் அங்கை எந்தப் பக்கம் அக்கா?"

அம்மா ஒரு நொடி பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தாள். "எங்க? நாங்க அச்சரப்பாக்கம் பக்கம்தான்."

வாத்தியார் சிரித்தார். உதவி செய்கிற சிரிப்பு. "இல்லை, அதுக்கு முந்தி. ஹட்டன் பக்கம் எண்டு தம்பி சொன்னவர்..."

"அவன் எதையாச்சும் சொல்லுவான். சிலோனெல்லாம் எங்களுக்கு என்னாங்க தெரியும்?"

"அக்காங்," என்று பக்கத்து வீட்டு அம்மா சேர்ந்துகொண்டார். "எத்தினி வருசமா பக்கத்து வூடு, எனக்குத் தெரியாதா? இவுங்க இந்த ஊருதாங்க. நான் கேரண்டி."

அண்ணை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும். என் நாக்கில் அந்தப் பெயர் இருந்தது. புது டம்ளர்கள் இருந்த தட்டை எடுத்து நீட்டினேன்.

"டீ ஆறுது," என்றேன்.

குடித்தார்கள். பெரியம்மா பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். போகும்போது வாத்தியார் மட்டும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அண்ணை மறுநாள் சைட்டில் சொன்னார். "எனக்கு விளங்குது தம்பி. பக்கத்திலை ஆள் இருந்தது. பெரியம்மாவுக்கு விளங்காது. சொந்த ஊரையே இல்லை எண்டு சொல்லுற வீட்டிலை, நாளைக்கு எங்கடை பிள்ளையையும் இல்லை எண்டு சொல்லுவினம் எண்டுறா. வாத்தியாரும் பேசாமல் இருக்கிறார். முகாம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. எல்லாம் ஒரே கூடம்தானே."

அம்மா வீட்டில் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். "அவ உக்காந்திருக்கையில எப்பிடிடா சொல்றது? பத்து வருசம் சொன்னத ஒரு நிமிசத்துல மாத்தச் சொன்னா வாயில வருமா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு அவளே, "நான் அங்கேயே போயி அந்தப் பெரியம்மாகிட்ட சொல்லிடுறேன். தோட்டம், டிவிசன், லயம் நம்பர், கங்காணி பேரு எல்லாம் சொல்றேன்," என்று புடவை மாற்றிக்கொண்டாள். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாசலில் போலீஸ்காரர், வழக்கம்போல, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "யாரும்மா, எந்த ஊரு?" என்றார்.

"அச்சரப்பாக்கம்," என்றாள் அம்மா. அதோடு திரும்பி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். அவள் அழவில்லை. "பேஜாராப் போச்சுடா," என்றாள். இந்த ஊர்ப் பேச்சு அவள் வாயில் அவ்வளவு சுத்தமாக வந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பிறகு சண்டை நிறுத்தம் வந்தது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணை கொடுத்தார். இங்கே இன்னும் எத்தனை வருஷம் அடுத்தவன் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது என்றார். போகிற அன்றைக்கு முகாம் வாசலில் வேன் நின்றது. கூடத்தில் இருந்த அத்தனை குடும்பமும் வெளியே வந்து நின்று அழுதது. பெரியம்மாவோடு சண்டை போட்டவர்கள்கூட அழுதார்கள். நானும் என்னோடு வேலை செய்த பையன்களும் போயிருந்தோம். அண்ணையின் தங்கை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்து, "வாறன் மேஸ்திரி," என்றாள். அவர்களும் நம்மைப் போல 'போகிறேன்' என்று சொல்லமாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்களுக்கு எல்லாம் கிடைத்தது. நாடு, கார்டு, ஓட்டு, பட்டா. அதற்கப்புறம் அம்மா காலமானபோதும் அதையேதான் பார்த்தேன்; தூக்க ஆள் போதாமல், சூப்பர்வைசர் சைட்டிலிருந்து நாலு பேரை அனுப்பினார். தோட்டத்து ஜனங்கள் ஒருவர்கூட இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே சொல்லி அனுப்ப? நான் கேள்விப்பட்டவரைக்கும் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், ஒருவர் இருவர் கடை வைத்திருக்கிறார்கள். பத்தாவது தாண்டியவர்கள் அபூர்வம். இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டோம், இந்த ஊரின் கடைசி வரிசையில். படகில் வந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் முகாமில் நர்ஸ் இருக்கிறாள், இன்ஜினியர் இருக்கிறான். இன்ஜினியர் என் சைட்டில் சுவருக்குப் பட்டி பார்க்கிறான். சாவு விழுந்தால் கூடம் முழுக்க எழுந்து நிற்கிறது. எது நல்ல வாழ்க்கை என்று என்னை யாராவது கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்திருக்கலாம் என்று மட்டும் தோன்றும்.

சண்டை மறுபடியும் மூண்டபோது அண்ணை ஒரு பூத்திலிருந்து என் நம்பருக்குப் பேசினார். ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் முகாமில் இருக்கிறார்கள். திரும்பவும் படகு. திரும்பவும் புதுப் பதிவு. முன்னால் இங்கே இருந்த வருஷங்களெல்லாம் கணக்கில் இல்லை, இன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தவர்கள் மாதிரி. தங்கையும் வந்திருக்கிறாளாம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. புருஷன் மீன்பிடிக்கிறவர்.

அவர்களைப் பார்க்கப் போவதற்கு முன்னால் செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் போனேன். அவர் வீட்டுக்கு நான்தான் பெயின்ட் அடித்தேன். ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் என்னால் போக முடியவில்லை. ஒரு இந்தியன் முகாம் பெண்ணைக் கட்டியிருந்தால் அவளுக்கு இந்தக் கார்டு கிடைத்திருக்குமா? அவர் யோசித்துவிட்டு, "லேசில் கிடைக்காது. அனுமதியில்லாமல் படகில் வந்ததாகத்தான் கணக்கு. யாரைக் கட்டினாலும் அது அவ்வளவு சுலபமாக மாறாது," என்றார்.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்த மாதிரி. அன்றைக்கு அம்மா சொல்லியிருந்தாலும், நான் சொல்லியிருந்தாலும், ஒன்றும் நடந்திருக்காது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போனேன்.

முகாமின் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். இடுப்பில் குழந்தை. ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாளாம், பள்ளிக்கூடம் இப்போது இல்லையாம். "அம்மா சுகமோ?" என்றாள். காலமாகிவிட்டாள் என்றேன். "பாவம், நல்ல மனுசி. பயந்து போய்ச் சொன்னவ எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள்.

அவள் அவ்வளவு பெரிய மனசாகச் சொன்னதும், நானும் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வக்கீல் சொன்னதைச் சொன்னேன். சட்டம் அப்படித்தானாம், நம் கல்யாணம் நடந்திருந்தாலும் உங்களுக்குக் கார்டு கிடைத்திருக்காதாம், அதனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். என்னையே பார்த்தாள்.

"கார்டுக்காக எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது, மேஸ்திரி?"

எனக்குச் சொன்னது சூப்பர்வைசர்தான். வேறு யாரும் சொல்லவில்லை. அவள் ஒருநாளும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு போன பால் பவுடர் டப்பாவையும் பிஸ்கட்டையும் வேலி இடுக்கு வழியாகக் கொடுத்தேன். டப்பா நுழையவில்லை. அவள் கேட் பக்கமாகச் சுற்றி வந்து வாங்கிக்கொண்டாள்.